உணர்ச்சி எந்த முடிவுக்கு உரியது? வன்னியில் காணி, கடன், விளைச்சல் பற்றித் தீர்மானிப்போருக்கு ஒரு வழிகாட்டி

மாசியும் பங்குனியும் இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக் குடும்பங்களுக்கு முடிவுகளின் மாதங்கள். காலபோக (மழைக்காலப் பயிர்ச்செய்கை) நெல்லை அறுத்த கையோடு வயலிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுவதா, காயவைத்து வீட்டில் அடுக்கி விலை ஏறும்வரை பொறுத்திருப்பதா, அடகில் கிடக்கும் நகையை மீட்பதா, உழவு இயந்திரத்தின் லீசிங் தவணையை முதலில் கட்டுவதா, சிறுபோகத்துக்கு (கோடைப் பயிர்ச்செய்கை) குளத்து நீர் எத்தனை ஏக்கருக்குப் பங்கிடப்படும் என்று கூட்டத்தில் தீர்மானமாகும் முன்னரே விதைநெல்லுக்குக் காசு கொடுத்துவைப்பதா, உயர்தரப் பரீட்சை எழுதிய மகனை வெளிநாட்டுக்கு அனுப்பக் காணியை விற்பதா என்ற கேள்விகள் எல்லாம் சில வாரங்களுக்குள் ஒரே வீட்டு முற்றத்தில் வந்து சேர்கின்றன. இவற்றைக் கணக்குப் பார்த்தே தீர்மானிக்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் மனம் முதலில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. கணக்கு அதன் பின்னால் வந்து, அந்தச் சாய்வுக்குக் காரணங்களைச் சேர்த்துக் கொடுக்கிறது. உளவியலாளர் சீவா குண்டா 1990ஆம் ஆண்டு இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்: மனிதர் விரும்பியதை எல்லாம் நம்பிவிடுவதில்லை, விரும்பிய முடிவுக்குத் தம்மைக் கொண்டுசெல்லக்கூடிய சான்றுகளைத் தேடி எடுத்துக்கொண்டு, தாம் நடுநிலையாகவே சிந்தித்ததாக உண்மையாகவே எண்ணிக்கொள்கின்றனர்.

இந்தச் சாய்வைக் கண்டுகொள்வதற்கும், கண்டபின் அதை அதற்குரிய இடத்தில் வைப்பதற்கும் வேண்டிய சில பழக்கங்களை இங்கே எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களின் கிராமங்களில் நாள்தோறும் எடுக்கப்படும் முடிவுகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இதற்குப் படிப்போ பணமோ தேவையில்லை. ஒரு பயிற்சிக் கொப்பியும் ஒரு பேனையும் போதும்.

உணர்ச்சியை விலக்கிவைக்க முயல வேண்டாம்

“உணர்ச்சிவசப்படாதே, அறிவைக் கொண்டு யோசி” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் பாதி மட்டுமே சரி. நரம்பியல் அறிஞர் அன்ரனியோ டமாசியோ, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் கீழ்நடுப் பாகத்தில் சேதம் அடைந்த நோயாளர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர்களுடைய பேச்சும் நினைவாற்றலும் கணக்கிடும் திறனும் குறைவின்றி இருந்தன. ஆனால் உணர்ச்சியின் அடையாளம் அவர்களிடம் மங்கிப்போயிருந்தது. உணர்ச்சித் தொல்லை நீங்கியவர்கள் சிறந்த முடிவுகளை எடுத்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது அதற்கு நேர்மாறு. அவர்களுள் ஒருவர், அடுத்த முறை மருத்துவரைச் சந்திப்பதற்குத் தரப்பட்ட இரண்டு திகதிகளில் எதைத் தெரிவதென்று ஏறத்தாழ அரை மணிநேரம் சாதக பாதகங்களை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு முடிவுக்கும் வர அவரால் இயலவில்லை. எது தமக்கு முக்கியம் என்பதை மனிதருக்குச் சொல்வது உணர்ச்சிதான். அது இல்லாவிட்டால் எல்லாக் காரணங்களும் ஒரே எடையாகத் தோன்றும்.

ஆகவே, “எனக்கு உணர்ச்சி இருக்கிறதா?” என்று கேட்பதில் பயன் இல்லை. “இந்த உணர்ச்சி இந்த விடயத்திலிருந்தே பிறந்ததா, வேறு எங்கிருந்தோ வந்து இதில் ஒட்டிக்கொண்டதா?” என்றே கேட்க வேண்டும். காட்டோரத்தில் உள்ள வயலை வாங்கப்போகும் ஒருவருக்கு யானையை நினைத்துப் பயம் வந்தால், அந்தப் பயம் அந்த வயலைப் பற்றிய உண்மையான செய்தி. அதற்குக் காது கொடுக்க வேண்டும். அதே மனிதர் அன்று காலை மருத்துவமனையில் தாயின் பரிசோதனை முடிவைக் கேட்டுக் கலங்கியிருந்து, அந்தக் கலக்கத்தோடு வயலைப் பார்த்துவிட்டு “இது சரிவராது” என்று திரும்பினால், அவர் வயலைப் பற்றி எதையும் அறியவில்லை.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய ஆய்வொன்று 1983ஆம் ஆண்டு வெளிவந்தது. நோபேர்ட் சுவார்ஸ், ஜெரால்ட் குளோர் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வில், வெயில் நாட்களிலும் மழை நாட்களிலும் தொலைபேசியில் அழைத்து, தம் வாழ்க்கை முழுவதையும் பற்றி எவ்வளவு திருப்தி கொண்டிருக்கின்றனர் என்று மக்களிடம் கேட்கப்பட்டது. மழை நாளில் பேசியவர்கள் தம் முழு வாழ்வையே குறைவாக மதிப்பிட்டனர். ஆனால், முதலில் “உங்கள் பக்கம் காலநிலை எப்படி?” என்று கேட்டுவிட்டுப் பின்னர் அதே கேள்வியைக் கேட்டபோது, மழையின் பாதிப்பு மறைந்துபோனது. மனச்சோர்வு எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும், அதை வாழ்வின் மேல் ஏற்றுவதை அவர்கள் நிறுத்திக்கொண்டனர். பின்வரும் பழக்கங்கள் எல்லாம் இந்த ஒரே கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன.

முதற் பழக்கம்: நான்கு வரி எழுதுதல்

பெரிய முடிவு எதுவாயினும், அதை வாயால் சொல்லும் முன்னர் கொப்பியில் நான்கு வரிகள் எழுதுங்கள். முதல் வரியில் தீர்மானிக்க வேண்டியது என்ன என்பதை எழுதுங்கள். “காணிப் பிரச்சினை” என்று எழுதினால் போதாது. “வாய்க்கால் ஓரத்து ஒரு ஏக்கரை இந்த விலைக்கு இந்த மாதம் விற்பதா” என்று எழுத வேண்டும். இரண்டாம் வரியில் இப்போது மனதில் உள்ள உணர்ச்சியின் பெயரை எழுதுங்கள். “மனம் சரியில்லை” என்பது பெயராகாது. கோபமா, பயமா, வெட்கமா, துக்கமா, பொறாமையா, ஏக்கமா, அவசரமா என்று குறிப்பிட வேண்டும். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் அவற்றையும் எழுதலாம். மூன்றாம் வரியில் அது எப்போது, எதனால் தொடங்கியது என்று எழுதுங்கள். நான்காம் வரியில், அந்தக் காரணம் நிகழாதிருந்தால் இதே முடிவைத்தான் எடுத்திருப்பேனா என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள்.

பெயரிட்டு எழுதுவது வீண் சடங்காகத் தோன்றக்கூடும். ஆனால் மத்தியூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகப்படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிட்டபோது, ஆபத்தை உணர்ந்து துடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயற்பாடு தணிந்தது. எழுதுவதற்குக் கூச்சப்படுவோர், அல்லது எழுதப் பழகாத மூத்தவர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் இந்த நான்கையும் வாயால் சொல்லலாம். கேட்பவர் அறிவுரை கூறாமல் நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இழப்பின் பயம்

டானியல் கானமனும் ஏமொஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தொகையைப் பெறும்போது வரும் மகிழ்ச்சியைவிட அதே தொகையை இழக்கும்போது வரும் வலி பெரிது என்று காட்டியது. அவர்களுடைய பிந்திய மதிப்பீட்டின்படி அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ட்வெர்ஸ்கி 1996இல் மறைந்தார். இந்த ஆய்வுகளுக்காகக் கானமன் 2002இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆய்வுகளில் பங்குகொண்டவர்கள் பெரும்பாலும் கற்பனைத் தொகைகளைப் பற்றி வினாத்தாளில் சிந்தித்தவர்கள். வன்னி மக்களோ இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வாக வீடு, நகை, வாகனம், கால்நடை, காணி உறுதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, போர் முடிந்த 2009ஆம் ஆண்டைக் கடந்து வந்தவர்கள். இங்கே “இழப்பு” என்ற சொல்லின் பின்னால் நிற்பது அந்த அனுபவம் முழுவதும். ஆகவே ஒரு மூடை நெல்லின் விலை சிறிது இறங்கும்போதும், ஒரு சோடித் தோடு அடகில் மூழ்கப்போகும்போதும் எழும் கலக்கம் அந்த நெல்லுக்கும் தோட்டுக்கும் மட்டும் உரியதாக இருப்பதில்லை. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

நெல் விலையை எடுத்துக்கொள்வோம். போன வாரம் பக்கத்து வயற்காரர் விற்ற விலை மனதில் பதிந்துவிடுகிறது. இன்றைய விலை அதைவிடக் குறைவாக இருந்தால், விற்பது நட்டமாகத் தோன்றுகிறது. செலவோடு ஒப்பிட்டால் இலாபமாகவே இருந்தாலும் மனம் ஏற்பதில்லை. நெல் வீட்டில் அடுக்கப்படுகிறது. எலியும் ஈரமும் வட்டியும் அதைத் தின்னத் தொடங்குகின்றன. இந்த இடத்தில் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்: இந்த நெல் என்னிடம் இல்லாமல், அதன் பெறுமதி காசாக என் கையில் இருந்தால், இன்றைய விலைக்கு இத்தனை மூடைகளை வாங்கிச் சேமித்துவைப்பேனா? வாங்கமாட்டேன் என்பது விடையானால், வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை. வாங்குவேன் என்றால், காயவைக்க இடமும், பொறுத்திருக்கப் பணவசதியும், விலை ஏறும் என்பதற்குக் கடந்த சில ஆண்டுகளின் அனுபவமும் இருக்கின்றனவா என்று பார்த்துத் துணிவாக வைத்திருக்கலாம். எத்தனை நாள், எந்த விலைவரை என்பதை அன்றே எழுதிவைத்துவிட வேண்டும்.

அடகு நகைக்கும் இதே கேள்விதான். எடுத்துக்காட்டாக, 100,000 ரூபாவுக்கு அடகு வைத்த சங்கிலிக்கு மாதம் 2 வீத வட்டி என்றால், மாதம் 2,000 ரூபா, மூன்று ஆண்டுகளில் 72,000 ரூபா. அம்மாவின் சங்கிலி என்பதற்காக அதைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே வருபவர்கள், நகையை மீட்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அதன் விலையில் பெரும்பகுதியை வட்டியாகக் கொடுத்துவிடுகின்றனர். இங்கே செய்ய வேண்டியது, நகைகளை இரண்டாகப் பிரிப்பது. நினைவுக்காக எந்நிலையிலும் வைத்திருக்க வேண்டிய ஒன்றைக் குடும்பம் கூடித் தெரிந்து, அதை முதலில் மீட்பது. மற்றவற்றைத் தங்கமாக மட்டும் பார்ப்பது.

காணி விடயத்தில் நான் ஆய்வாளர்களோடு முழுமையாக உடன்படவில்லை. கையில் உள்ள பொருளுக்கு மனிதர் அளவுக்கு மீறிய விலை சொல்வதை அவர்கள் ஒரு வழுவாகக் காண்கின்றனர். ஒரு லாண்ட்மாஸ்டருக்கு (இரு சக்கர உழவு இயந்திரம்) அது பொருந்தும். ஆனால் காடு வெட்டிக் கழனியாக்கிய பாட்டனாரின் காணிக்கும், மீள்குடியேறி வந்து கண்ணிவெடி அகற்றப்படும்வரை காத்திருந்து திரும்பப் பெற்ற வளவுக்கும் சந்தை விலைக்கு மேல் ஒரு பெறுமதி உண்டு; அதை உணர்வது பிழையான கணக்கு ஆகாது. அந்தப் பெறுமதியை மறைக்காமல் கொப்பியில் தனி வரியாக எழுதுங்கள். “சந்தை விலையை விட இவ்வளவு கூடுதலாகக் கிடைத்தாலும் விற்கமாட்டோம்” என்று வெளிப்படையாக எழுதப்பட்ட பற்று, முடிவைக் கெடுப்பதில்லை. விலை போதாது, வாங்குபவர் சரியில்லை, நாள் நல்லதில்லை என்று வெவ்வேறு வேடங்களில் வரும் பற்றுத்தான் குடும்பத்துக்குள் வீண் சண்டையை உண்டாக்குகிறது.

வெட்கமும் கடனும்

என் கணிப்பில், வன்னிக் குடும்பங்களுக்கு ஆகக் கூடுதலான சேதத்தை உண்டாக்கிய உணர்ச்சி வெட்கமே. போருக்குப் பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் கிராமம் கிராமமாக வந்து, பெண்களைக் குழுக்களாகச் சேர்த்துக் கடன் வழங்கின. ஒருவர் தவணை தவறினால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, கடனை அறவிடும் வேலையை அயலவரின் பார்வையிடம் ஒப்படைத்தது. வசூலிப்பவர் படலையில் வந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களைத் தவிர்ப்பதற்காக, இன்னொரு நிறுவனத்திடம் கூடிய வட்டிக்குக் கடன் எடுத்த தாய்மார் எத்தனையோ பேர். கடன் சுமை தாங்க முடியாத நிலைக்கு வந்தபோது, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. நிபந்தனைகளையும் வட்டியையும் வகுத்தவர்களின் பொறுப்பை அந்தப் பெண்களின் தலையில் ஏற்றுவது அநீதி. ஆயினும், அடுத்த கடன் பத்திரத்தில் கையொப்பம் இடுமுன் வெட்கம் செய்யும் வேலையை ஒவ்வொருவரும் அறிந்திருப்பது பயன்தரும்.

பயம் மனிதரை உதவி தேடி ஓடவைக்கிறது, வெட்கமோ மறைக்கவைக்கிறது. மறைத்து எடுக்கப்படும் முடிவுக்குத் திருத்துவார் இல்லை. ஆகவே இதற்கான பழக்கம் ஒன்றே: ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்ற எண்ணம் வந்த அன்றே, கையொப்பமிடும் முன், அதை வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அவர் அக்காவாக இருக்கலாம், மாதர் சங்கத் தலைவியாக இருக்கலாம், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ரீச்சராக இருக்கலாம். சொல்லும்போது மூன்று தொகைகளைச் சொல்லுங்கள்: கையில் கிடைப்பது எவ்வளவு, மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு, ஒவ்வொரு வாரமும் அல்லது மாதமும் எந்த வருமானத்திலிருந்து அது வரும். மூன்றாவது தொகைக்கு விடை இல்லாவிட்டால், அந்தக் கடன் படலையில் நிற்பவரைச் சில வாரங்கள் தள்ளிவைக்கிறது. அதற்குமேல் எதையும் செய்வதில்லை. பழைய நிறுவனத்திடம் நேராகப் போய்த் தவணையை மாற்றித் தரக் கேட்பது வெட்கமான காரியமாகத் தோன்றினாலும், புதிய கடனைவிட மலிவானது.

சொல்ல ஒருவரும் இல்லையென்றால், தன் கதையைத் தங்கையின் கதையாக வைத்து எழுதிப் பார்க்கலாம். இகோர் குரொஸ்மனும் ஈதன் குரொஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தம் சொந்த உறவுச் சிக்கலைவிட நண்பரின் சிக்கலைப் பற்றி விவேகமாகச் சிந்தித்தனர். தம் சிக்கலையே வெளியில் நின்று பார்ப்பதுபோல எண்ணச் சொன்னபோது அந்த வேறுபாடு நீங்கியது. “தங்கச்சி இந்த நிலையில் இருந்தால் நான் என்ன சொல்லுவன்?” என்ற கேள்வி எங்கள் ஊர் அக்காமாருக்குப் புதிதல்ல. தமக்காக அதைக் கேட்கத்தான் பழக வேண்டும்.

கோபமும் பயமும் எதிரெதிராக இழுக்கும்

2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னர், ஜெனிபர் லேர்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வு ஒரு வியப்பான செய்தியைத் தந்தது. தாக்குதலைப் பற்றிப் பயத்தோடு நினைக்கத் தூண்டப்பட்டவர்கள் எதிர்காலத்தில் ஆபத்து அதிகம் என்று மதிப்பிட்டனர். கோபத்தோடு நினைக்கத் தூண்டப்பட்டவர்கள் ஆபத்துக் குறைவு என்று மதிப்பிட்டனர். இரண்டும் கெட்ட உணர்ச்சிகள்தாம், ஆனால் ஒரே பக்கம் தள்ளுவதில்லை. கோபம் மனிதருக்கு உறுதியைத் தருகிறது; தாம் வெல்வோம் என்று நம்பவைக்கிறது.

வாய்க்கால் தண்ணீர் முறையிலோ எல்லை வேலியிலோ தொடங்கும் சண்டை ஏன் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறுகிறது என்பதற்கு இதில் பெரும்பங்கு விடை உண்டு. வேலிக் கதியால் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது என்ற கோபத்தில் இருப்பவர், வழக்கு விரைவில் முடியும், நில அளவையாளர் தன் பக்கமே சொல்லுவார், செலவை எதிராளி கட்டுவார் என்று மூன்றையும் நம்புகிறார். எனவே கோபத்தில் இருக்கும்போது எவ்வளவு நிச்சயமாகத் தோன்றுகிறதோ, அந்த அளவுக்கு அந்த நிச்சயத்தைச் சந்தேகிக்க வேண்டும். அடிதடி, அச்சுறுத்தல் இருந்தால் உடனே பொலிஸுக்குப் போக வேண்டும். அதில் தாமதிக்கக் கூடாது. மற்றைய தகராறுகளில், முறைப்பாட்டை அன்றிரவே எழுதுங்கள், ஆனால் கொண்டுபோய்க் கொடுப்பதை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். மூன்றாம் நாள் வாசித்து, எதிராளி இதற்கு என்ன பதில் சொல்லுவார் என்பதையும் அதன் கீழே நேர்மையாக எழுதுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபைகளுக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோனால் பேச்சு வேறுவிதமாகத் தொடங்கும்.

பயம் பெரும்பாலும் அண்மையில் நடந்ததன் அளவிலேயே எழுகிறது. 2018 டிசம்பர் பிற்பகுதியில் பெருமழையால் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி ஒரு மழைக்குப் பின்வரும் போகத்தில் தாழ்நிலத்தை விதைக்க எவரும் துணியமாட்டார். இரண்டு நல்ல போகங்கள் கழிந்தால் அதே தாழ்நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கப் போட்டி வரும். நிலம் மாறவில்லை, நினைவுதான் மாறியது. இதற்கு மருந்து, கடைசிப் போகத்தை மட்டும் பார்க்காமல் பத்துப் போகங்களைப் பார்ப்பது. கமக்கார அமைப்பின் பழைய கூட்டக் குறிப்புகளும், கமநல சேவை நிலையத்தின் பதிவுகளும், ஊரில் மிக மூத்த கமக்காரரின் நினைவும் சேர்ந்தால், அந்த நிலம் பத்தில் எத்தனை முறை அழிந்தது என்ற எண் கிடைக்கும். பயத்துக்கும் துணிவுக்கும் அந்த எண்ணே அளவு.

துக்க காலத்தில் விற்பதும் வாங்குவதும்

லேர்னரும் டெபோரா சிமோலும் ஜோர்ஜ் லோவன்ஸ்டைனும் 2004இல் வெளியிட்ட பரிசோதனையில், துயரமான படக்காட்சியைப் பார்த்தவர்கள் தம் கையில் இருந்த சிறு பொருளைக் குறைந்த விலைக்கு விற்க முன்வந்தனர். அந்தப் பொருள் கையில் இல்லாதவர்கள் அதைப் பெறுவதற்குக் கூடுதலான விலை கொடுக்கவும் முன்வந்தனர். துக்கம் நிலையை மாற்றிக்கொள்ளத் துடிக்கிறது. இருப்பதை விட்டுவிடவும், இல்லாததைப் பற்றிக்கொள்ளவும் அவசரப்படுத்துகிறது. ஒரு படக்காட்சியின் துயரமே இவ்வளவு செய்யுமானால், செத்தவீடு நடந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப்பாருங்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை காணி, வீடு, தொழில் பற்றிப் பேசுவதில்லை என்று குடும்பம் தீர்மானித்துக்கொள்ளட்டும். இறந்தவரின் உழவு இயந்திரத்தை வாங்க மூன்றாம் நாளே வரும் அன்பான மனிதருக்கும், “அந்தியேட்டி கழியட்டும் அண்ணா, அதுக்குப் பிறகு கதைப்பம்” என்ற ஒரே பதில் போதும்.

வன்னிக்கு வேறொரு துக்க நாட்காட்டியும் உண்டு. மே மாத நடுப்பகுதி வரும்போது, முள்ளிவாய்க்காலின் நினைவு ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் கனக்கிறது. பலருக்கு, அந்த வாரத்தில் ஏன் தூக்கம் வருவதில்லை, ஏன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்று தோன்றுகிறது என்பதுகூட உடனே புலப்படுவதில்லை. அந்த வாரத்தில் உறுதி எழுதவோ, கடன் எடுக்கவோ, திருமணப் பேச்சை முறிக்கவோ வேண்டாம் என்று முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இந்தத் துக்கத்துக்கு முடிவு நாள் இல்லை. அவர்களிடம் போய் “ஒரு மாதம் பொறு” என்று சொல்வதில் பொருளும் இல்லை. துக்கமோ பயமோ உறக்கத்தையும் உணவையும் வேலையையும் நாள் கணக்கில் கெடுக்கிறது என்றால், அது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மாவட்ட மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற தேசிய உளநல உதவித் தொலைபேசி எண்ணுக்கும் அழைக்கலாம்.

நம்பிக்கையும் சாய்க்கும்

பிடித்தமான ஒன்றின் நன்மைகளைப் பெரிதாகவும் ஆபத்துகளைச் சிறிதாகவும் மனம் காண்கிறது என்பதை உளவியலாளர் போல் சுலோவிக்கும் அவரோடு இணைந்து ஆய்வு செய்தவர்களும் காட்டியுள்ளனர். உண்மையில் பெரிய நன்மை தருவது பெரிய ஆபத்தையும் கொண்டிருக்கலாம். மனமோ இரண்டையும் ஒரே விருப்பத்திலிருந்து அளக்கிறது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முடிவில் இதைத் தெளிவாகக் காணலாம். ஏ9 வீதியோரம் எழும் மாடிவீடுகள், போய்ச் சேர்ந்தவர்களின் வீடுகள். ஏஜென்சிக்காரரிடம் காசை இழந்தவரும், பாதி வழியில் பிடிபட்டுத் திரும்பியவரும் வீடு கட்டுவதில்லை. ஊரில் அதைப்பற்றிப் பேசுவதும் இல்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிவதை வைத்து எண்ணக் கூடாது. உங்கள் கிராமத்திலிருந்து கடந்த ஐந்தாண்டுகளில் அந்த வழியாகப் புறப்பட்ட எல்லோரின் பெயரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு செலவானது, இப்போது எங்கே, கடன் அடைந்ததா என்று விசாரியுங்கள். ஏஜென்சிக்காரர் “எங்கட தம்பி, நல்ல பிள்ளை” என்பது அவருடைய குணத்தைப் பற்றிய செய்தி. எல்லையில் நிற்கும் காவலரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இத்தகைய பெரிய முடிவுகளுக்கு, ஆய்வாளர் கேரி கிளைன் பரப்பிய ஒரு முறை மிகவும் பயன்படும். முடிவு உறுதியாகும் முன் குடும்பத்தார் எல்லோரும் இருந்து, “ஒரு வருடம் கழிந்துவிட்டது, இந்தக் காரியம் முற்றாகத் தோற்றுவிட்டது, ஏன் தோற்றது?” என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் பேசாமல் தனித்தனியே காரணங்களை எழுத வேண்டும். பின்னர் வயதில் இளையவரிலிருந்து தொடங்கி வாசிக்க வேண்டும். அப்பா முதலில் வாசித்தால் மற்றவர்கள் தம் தாளை மடித்துவிடுவார்கள். நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாகப் பேசலாமா என்று அம்மம்மா தடுப்பார். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்க, நாள் பார்க்கப் போவதற்கு முந்திய வாரத்திலேயே இதைச் செய்து முடித்துவிடுங்கள்.

மகிழ்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல விளைச்சல் கைக்கு வந்த வாரத்தில் புதிய தவணைக் கடன் எடுக்க வேண்டாம். அந்த ஒரு விதி போதும்.

கொப்பியைத் திரும்பப் பார்த்தல்

எழுதிய நான்கு வரிகளையும், எடுத்த முடிவையும், அன்று தெரிந்திருந்த தகவல்களையும் ஒரு போகம் கழித்துத் திறந்து பாருங்கள். அப்போது விளைவைக் கொண்டு முடிவை மதிப்பிடும் தவறு வரக்கூடும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தடை நவம்பரில் தளர்த்தப்பட்டபோது காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. தடை அறிவிப்பு வருமுன், ஆண்டின் தொடக்கத்தில், நன்றாகக் கணக்குப் பார்த்துக் கூடுதல் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் பலத்த நட்டம் அடைந்தனர். அவர்களுடைய முடிவு பிழையானது என்று அதனால் சொல்ல முடியாது. அதுபோல, கோபத்திலோ பேராசையிலோ எடுத்த முடிவு தற்செயலாகப் பலித்திருந்தால், அதை நல்ல முடிவு என்று பதியக் கூடாது. ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் இரண்டு குறிப்புகளை வேறாக எழுதுங்கள்: அன்று தெரிந்ததை வைத்து நன்றாக யோசித்தோமா என்பது ஒன்று, என்ன விளைந்தது என்பது மற்றொன்று. சில போகங்கள் சென்றபின், இரண்டாம் வரியில் எழுதிய உணர்ச்சிப் பெயர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்த வீட்டின் முடிவுகளை எது சாய்க்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த காலபோகக் கூட்டத்துக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம்.